கிரேக்க நாட்டின் தெர்மோபிலே கணவாயில் நிஜமாகவே 300 பேர்தான் சண்டை போட்டார்களா?

இல்லை. 300 என்பது ஸ்பார்ட்டா என்ற கிரேக்க ஊரின் கணக்கு மட்டும். கி.மு. 480இல் அந்தக் கணவாயில் பாரசீகப் படையை மறித்த கிரேக்கர்கள் மொத்தம் ஏறக்குறைய 7,000 பேர்.

சரி, ஸ்பார்ட்டா ஏன் அவ்வளவு குறைவாக அனுப்பியது? ஊரில் அப்போலோ கடவுளுக்குக் கார்னெயா திருவிழா; அது முடியாமல் பெரும்படை கிளம்பாது. அதனால் அரசர் லியோனிடாஸ், ஆண் பிள்ளை உள்ளவர்களாகப் பார்த்துப் பொறுக்கி அழைத்து வந்தார். செத்தாலும் வம்சம் அறுந்துபோகாதே!

பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் சொல்லும் ஒரு காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேவு பார்க்க வந்த பாரசீகக் குதிரைவீரன் கண்ணில் பட்டது, உடற்பயிற்சி செய்பவர்களும் நீண்ட கூந்தலைச் சீவிக்கொண்டிருப்பவர்களும்தான். பாரசீக மன்னர் செர்க்சீஸுக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஊரைவிட்டு வந்து அவரிடம் அடைக்கலமாகியிருந்த முன்னாள் ஸ்பார்ட்டா அரசர் டெமராட்டஸ்தான் விளக்கினார்: உயிரைப் பணயம் வைக்கும் முன் தலைவாருவது இவர்கள் வழக்கம்.

எஃபியால்டெஸ் என்ற உள்ளூர்க்காரன், கிரேக்கர்களுக்குப் பின்னால் சுற்றிவரும் மலைப்பாதையைப் பாரசீகர்களுக்குக் காட்டிக்கொடுத்த பிறகு, லியோனிடாஸ் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஆனால் தெஸ்பியாய் ஊர்க்காரர்கள் 700 பேர் போக மறுத்து, கூடவே நின்று மாண்டார்கள். அப்புறம், ஸ்பார்ட்டர்களின் அடிமைகளான ஹெலட்டுகளும் அங்கே செத்தார்கள். இவர்களைத்தான் யாரும் எண்ணுவதில்லை.