அமெரிக்காவின் ஐடாஹோ மாநிலத்தில் பாய்சி பள்ளத்தாக்கு இவ்வளவு வேகமாக வளர்ந்தும் அங்கே பேருந்து வசதி ஏன் இல்லை? கார் இல்லாமல் குடும்பத்தோடு சமாளிக்க முடியுமா?

சமாளிக்க முடியாது. ஒரு கார் கட்டாயம் வேண்டும். வீட்டில் இருவருமே வேலைக்குப் போனால் இரண்டு. வீடும் வேலையும் பாய்சி நகர மையத்திலோ பல்கலைக்கழகத்தை ஒட்டியோ அமைந்தால் மட்டும் சைக்கிளும் பேருந்துமாக ஓட்டிவிடலாம். நீங்களோ ஸ்டார் அல்லது எம்மெட்டில் வாடகை குறைவு என்று அங்கே வீடு பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே, "பள்ளத்தாக்குக்கான 2050 போக்குவரத்துத் திட்டத்தில் ரயில் இருக்கிறதாமே, அது வரும் வரை ஒரு காரோடு ஓட்டினால் போதாதா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த ரயிலைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

நான் பாய்சிக்குப் பக்கத்து ஊரான மெரிடியன்வாசி. மைக்ரான் என்ற சிப் நிறுவனம் பாய்சியில் இருப்பதால் அந்த வேலைக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு, எங்களுடையதும் அப்படித்தான். போக்குவரத்து என் தொழில் இல்லை. எங்கள் குடியிருப்பை ஒட்டிய சாலையை இரண்டு தடத்திலிருந்து ஐந்தாக அகலப்படுத்தும் பேச்சு எழுந்தபோது பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

முதலில் வளர்ச்சி எப்பேர்ப்பட்டது என்று பாருங்கள். 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மெரிடியன் 10,000 பேர்கூட இல்லாத பால்பண்ணை ஊர். 2020-ல் 1,17,635 பேர். கவுன்டி என்பது மாநிலத்துக்குள் ஒரு நிர்வாகப் பிரிவு; பாய்சியும் மெரிடியனும் இருக்கும் ஏடா கவுன்டியில் 4.95 லட்சம், நாம்பாவும் கால்ட்வெல்லும் இருக்கும் கேன்யன் கவுன்டியில் 2.31 லட்சம். 2050-க்குள் இரண்டும் சேர்ந்து 10 லட்சத்தைத் தாண்டும் என்பது திட்டக்காரர்களின் கணிப்பு. இத்தனை பேரும் குடியேறுவது வயல்களில். 19-ஆம் நூற்றாண்டு நில அளவையில் மைலுக்கு ஒரு கோடாகக் கிழித்த சதுரங்கள்தான் இன்றைக்கும் சாலை வரைபடம். யூஸ்டிக், மெக்மில்லன், சிண்டன் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் பழைய பண்ணைச் சாலைகள். நடுவில் இருந்த மக்காச்சோளமும் கால்நடைத் தீவனமும் போய் இப்போது வீடுகள்.

அந்தச் சதுரத்துக்குள் போனால் தெருக்கள் வளைந்து வளைந்து முட்டுச்சந்தில் முடியும். போதாக்குறைக்குப் பாசனக் கால்வாய்கள். நூறாண்டுக்கு முன் விவசாயத்துக்கு வெட்டிய வாய்க்கால் இரண்டு குடியிருப்புகளுக்கு நடுவே ஓடும், மேலே பாலம் கிடையாது. எதிர்க்கரையில் கண்ணுக்குத் தெரிகிற பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளையைக் காரில் ஏற்றிப் பெரிய சாலை வழியாகச் சுற்றித்தான் கொண்டுபோக வேண்டும். இந்த அமைப்பில் பேருந்து உள்ளே நுழையவும் வழியில்லை, மக்கள் நடந்து வெளியே வரவும் வழியில்லை. கால்வாய்க்குக் குறுக்கே நான்கு நடைபாலம் போட்டாலே பாதி நெரிசல் போகும் என்று நான் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். தலையாட்டுவார்கள்.

சரி, இதையெல்லாம் யார் திட்டமிடுகிறார்கள்? இங்கேதான் ஊருக்குப் புதிதாக வருபவர்கள் தலையைச் சொறிவார்கள். வீடு கட்ட அனுமதி கொடுப்பது நகர மன்றம். அந்த வீட்டு வாசலில் உள்ள சாலை நகரத்துடையது அல்ல. ஏடா கவுன்டி முழுவதற்கும் சாலைகளைப் பார்த்துக்கொள்ள 'நெடுஞ்சாலை மாவட்டம்' என்ற ஒரே தனி அமைப்பு. 1971-ல் வாக்காளர்கள் ஓட்டுப்போட்டு உண்டாக்கியது, தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து ஆணையர்கள் நடத்துகிறார்கள். பாய்சி மேயருக்குத் தன் ஊரில் ஒரு தெருகூடச் சொந்தமில்லை. ஈகிள் ரோடு மாதிரிப் பெரிய சாலைகளும் ஐ-84 நெடுஞ்சாலையும் மாநிலப் போக்குவரத்துத் துறையிடம். எல்லையைத் தாண்டி கேன்யன் கவுன்டிக்குள் போனால் நகரங்கள் தங்கள் தெருக்களைத் தாங்களே பார்த்துக்கொள்ளும், கிராமப்புறச் சாலைகளுக்குத் தனித்தனி நெடுஞ்சாலை மாவட்டங்கள். பேருந்து 'வேலி ரீஜனல் ட்ரான்சிட்' கையில். இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து நீண்டகாலத் திட்டம் போடுவது 'காம்பஸ்' என்ற அமைப்பு. விருந்துக்கு அழைப்பவர் ஒருவர், சமைப்பவர் இன்னொருவர், அரிசி வாங்கும் காசு மூன்றாமவர் மடியில் என்கிற கதை.

காம்பஸைக் குறை சொல்ல மாட்டேன். 50,000-க்கு மேல் மக்கள் உள்ள நகர்ப்பகுதிக்கு இப்படியோர் அமைப்பு இருந்தே தீர வேண்டும் என்பது ஒன்றிய அரசின் சட்டம். அது இல்லாமல் சாலை நிதி வராது. குறைந்தது 20 ஆண்டுக்குத் திட்டம் வேண்டும், சில ஆண்டுக்கொரு முறை புதுப்பிக்க வேண்டும். 2022 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட 2050 திட்டத்தை நான் புரட்டியிருக்கிறேன், நேர்மையான வேலை. எந்தச் சதுரத்தில் எத்தனை வீடு வரும், அங்கிருந்து எத்தனை வண்டி கிளம்பும் என்று கணித்து, நகரங்கள் அனுப்பும் புதுக் குடியிருப்பு விண்ணப்பங்களைக்கூடப் பார்த்துக் கருத்து எழுதி அனுப்புகிறார்கள். கருத்துதான். நகர மன்றம் அதைக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

திட்டத்தைப் படிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அதில் பணம் கண்ணுக்குத் தெரிகிற வேலைகளுக்கு ஒரு பட்டியல், பணம் இல்லாத வேலைகளுக்கு இன்னொரு பட்டியல். வருமானம் இவ்வளவு வரும் என்று காட்ட முடியாத எதையும் முதல் பட்டியலில் சேர்க்க விதி இடம் தராது. நீங்கள் கேட்ட கால்ட்வெல்–பாய்சி ரயில் இரண்டாவது பட்டியலில் இருக்கிறது.

ஏன் பணமில்லை? ஐடாஹோ ஏழை மாநிலம் என்பதால் இல்லை. பெட்ரோல் வரி காலனுக்கு 32 சென்ட் வாங்குகிறார்கள், 2015-ல் 25-லிருந்து ஏற்றியது. ஆனால் மாநில அரசியலமைப்பில் 1940-ல் சேர்த்த ஒரு பிரிவு, பெட்ரோல் வரியும் வண்டிப் பதிவுக் கட்டணமும் சாலைக்கு மட்டுமே போக வேண்டும் என்கிறது. பேருந்து ஓட்டுநர் சம்பளத்துக்கு அதில் ஒரு சென்ட் எடுக்க முடியாது. சரி, ஊர்மக்களே ஓட்டுப்போட்டு விற்பனை வரியில் அரை சதவீதம் கூட்டிக்கொள்ளட்டுமே என்றால் அதற்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. அந்த உரிமை 10,000 பேருக்கு உட்பட்ட சுற்றுலா ஊர்களுக்கு மட்டும். பனிச்சறுக்குக்குப் பேர்போன கெட்சம் என்ற ஊரில் 4,000 பேர்கூட இல்லை. அவர்கள் உள்ளூர் வரி போட்டு ஊருக்குள் இலவசப் பேருந்து விடுகிறார்கள். 1,17,000 பேர் உள்ள மெரிடியனுக்கு அந்த வரி போட உரிமை இல்லை. இதைவிட வேடிக்கையான போக்குவரத்துச் சட்டத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

பேருந்து அமைப்பை 1998-ல் இரண்டு கவுன்டி மக்களும் ஓட்டுப்போட்டுத்தான் உண்டாக்கினார்கள். அமைப்பு கிடைத்தது, வரி போடும் அதிகாரம் கிடைக்கவில்லை. அதனால் ஆண்டுதோறும் நகரங்களிடம் போய்ப் பங்கு கேட்கிறார்கள். அது நன்கொடை மாதிரி, மனமிருந்தால் கொடுக்கலாம். அதிகம் கொடுப்பது பாய்சி, ஆகவே பேருந்தும் அங்கேதான் அதிகம். ஊர்விட்டு ஊர் போகும் தடம் என்றால் வழியில் ஒரு நகரம் பட்ஜெட்டில் கைவைத்தாலே ஆட்டம் காணும். நாம்பா, கால்ட்வெல் பக்கம் குறித்த தடத்தில் ஓடிய பேருந்துகளுக்குப் பதிலாக அழைத்தால் வரும் சிறு வண்டிகளை விட்டார்கள். வயதானவர்களுக்கு அது நல்லதுதான். தினமும் எட்டு மணி வேலைக்குப் போகிறவர் அதை நம்பிக் கிளம்ப முடியாது.

சாலைக்கு வந்தால் கணக்கு வேறு. 2021-ல் சட்டமன்றம் விற்பனை வரியிலிருந்தே ஆண்டுக்கு 8 கோடி டாலரை எடுத்து நெடுஞ்சாலை விரிவாக்கக் கடனுக்கு ஒதுக்கியது. ஆக, விற்பனை வரியைப் போக்குவரத்துக்குத் தொடவே கூடாது என்பதில்லை. சாலை என்றால் தொடலாம்.

அந்தப் பணம் போகும் வேலைகளில் ஒன்று உங்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது: மாநில நெடுஞ்சாலை 16. எம்மெட்டிலிருந்து தெற்கே இறங்கி வரும் சாலை இது. ஸ்டாருக்குப் பக்கத்தில் பாய்சி ஆற்றைக் கடக்கும் பாலத்தோடு ஒரு துண்டு 2014-ல் திறந்தது. அங்கிருந்து ஐ-84 வரை நீட்டும் வேலை 2022-ல் தொடங்கியது. ஸ்டார்காரர்களுக்கு அந்தப் பாலம் ஒரு வரம், ஏனென்றால் ஆற்றைக் கடக்க அந்தப் பக்கம் வழிகள் குறைவு. ஆனால் என் கணிப்பைச் சொல்கிறேன்: சாலை நீளநீள எம்மெட்டில் வீடு வாங்குகிறவர்களும் கூடுவார்கள், இப்போது மிச்சமாகும் நேரத்தை அவர்களே தின்றுவிடுவார்கள். எம்மெட் இருப்பது ஜெம் கவுன்டியில். காம்பஸின் திட்ட எல்லைக்குள் அது வராது. அங்கே முளைக்கும் வீட்டைத் தடுக்கவோ தள்ளிவைக்கவோ பள்ளத்தாக்குத் திட்டக்காரர்களுக்கு வாயில்லை. காலையில் அந்த வண்டிகள் மட்டும் நேராக இங்கே வந்து சேரும்.

கிராமப்புறம் என்றால் வீடு மலிவான இடம் என்று மட்டும் நம் ஆட்கள் நினைக்கிறார்கள், அதனால் இதையும் சேர்த்துவிடுகிறேன். வைல்டர் பக்கம் ஹாப்ஸ் கொடி, பார்மா பக்கம் வெங்காயம். இலையுதிர் காலத்தில் நாம்பா சர்க்கரை ஆலைக்குச் சுகர் பீட் கிழங்கு லாரிகள் வரிசையாகப் போகும். அதே சாலையில் அலுவலகத்துக்குப் பறக்கும் கார்களும், மெதுவாக நகரும் டிராக்டரும். தங்கள் பண்ணைச் சாலையிலேயே தங்களைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்கள் என்று விவசாயிகளுக்குக் கோபம், நியாயமான கோபம். பொது வண்டி விஷயத்தில் அவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒன்றிய அரசின் கிராமப்புறப் பேருந்து நிதி 50,000-க்குக் குறைவான மக்கள் உள்ள பகுதிகளுக்குத்தான். கணக்கெடுப்புக்குப் பின் நகர்ப்பகுதி எல்லையைப் புதிதாக வரையும்போது ஒரு சிற்றூர் கோட்டுக்குள் விழுந்துவிட்டால் அந்த நிதி போய்விடும், நகரப் பேருந்தும் உடனே வந்துவிடாது. டயாலிசிஸுக்கு வாரம் மூன்று முறை போக வேண்டிய பெரியவர் பிள்ளைகளையோ தேவாலயத் தன்னார்வலர்களையோ நம்பியிருப்பார்.

இதே பள்ளத்தாக்கில் ஒரு காலத்தில் ரயில் ஓடியது. பாய்சியிலிருந்து ஈகிள், ஸ்டார், மிடில்டன், கால்ட்வெல், நாம்பா, மெரிடியன் என்று சுற்றி வரும் மின்சார ரயில். மக்கள் காருக்கு மாறியபின் 1928-ல் நிறுத்திவிட்டார்கள். நாடு முழுதும் பயணிகள் ரயில் விடும் ஆம்ட்ராக் நிறுவனத்தின் 'பயனியர்' ரயிலும் 1997-ல் நின்றது. கால்ட்வெல், நாம்பா வழியாகச் சரக்கு ரயில் இன்றும் போகிறது, பாய்சி வரை தண்டவாளம் கிடக்கிறது. தடம் இருப்பதால் 2050 ரயில் வெறும் கனவு இல்லை என்று நானும் நம்புகிறேன். ஆனால் பெட்ரோல் வரி, உள்ளூர் விற்பனை வரி பற்றி மேலே சொன்ன இரண்டு சட்டங்களில் ஒன்றாவது மாறாமல் அது ஓடாது. அதை மாற்ற வேண்டியவர்கள் சட்டமன்றத்தில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் நெரிசல் என்றால் என்னவென்று தெரியாத ஊர்களிலிருந்து வருகிறவர்கள். ஆக, வாடகை ஒப்பந்தத்தை ரயிலை நம்பிப் போடாதீர்கள்.

உங்கள் வேலை தென்கிழக்கு பாய்சியில் என்றால் வீட்டையும் அந்தப் பக்கமே பாருங்கள். வாடகை கூடத்தான் இருக்கும். இரண்டாவது காரின் தவணை, இன்ஷூரன்ஸ், பனிக்கால டயர் எல்லாவற்றையும் கூட்டி ஸ்டார் வாடகையோடு சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் பெரிதாக இருக்காது. ஸ்டார், எம்மெட் இரண்டும் பள்ளத்தாக்கின் எதிர்முனை. காலை ஏழரைக்கு ஐ-84-ல் ஏறினால் பாதி ஆயுள் அங்கேயே போகும். ஸ்டார்தான் என்று முடிவாகிவிட்டால் 'கம்யூட்டரைடு' வேன்பூலை விசாரியுங்கள்: ஒரே பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து மாதக் கட்டணத்தில் ஒரு வேனைப் பகிர்ந்துகொள்வது, அவர்களில் ஒருவரே ஓட்டுவார். சில நிறுவனங்கள் அந்தக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தாங்களே கட்டும், சேரும் முன்பே எச்.ஆரிடம் கேட்டு வையுங்கள். உங்கள் ஷிஃப்ட் நேரத்தைக் கமென்டில் போட்டால் எந்தப் பக்கம் வீடு தேடலாம் என்று சொல்கிறேன்.