நாலு மணி மாத்திரையும் சுண்டலும்

அன்புள்ள ஐயா,

அப்பாவுக்கு வயது 71. பார்க்கின்சன் நோய் வந்து ஏழு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் லெவோடோபா மாத்திரை போட்டால் சற்று நேரத்தில் எழுந்து நடப்பார். இப்போது சில வேளை மாத்திரை ஏறுவதே இல்லை, குறிப்பாகச் சாயங்காலம். பூனைக்காலி விதைப் பொடி கொடுத்தால் மாத்திரையே வேண்டாம் என்கிறார் ஒரு சொந்தக்காரர். பருப்பு, பால், முட்டை எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார் இன்னொருவர். உணவாலேயே இந்த நோயைக் கட்டுப்படுத்த முடியுமா? உங்கள் அம்மாவுக்கும் இதே நோய் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் கேட்கிறேன்.

எஸ்., தென்காசி

அன்புள்ள எஸ்.,

நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவன், அவ்வளவுதான். நோயைச் சாப்பாட்டால் நிறுத்த முடியாது. ஆனால் போட்ட மாத்திரை வீணாகாமல் பார்த்துக்கொள்ள முடியும். அதற்கு என்ன சாப்பிடுகிறார் என்பதைவிட எப்போது சாப்பிடுகிறார் என்பது முக்கியம்.

எங்கள் வீட்டிலும் சாயங்காலம்தான் தகராறு. நாலு மணிக்கு மாத்திரை, கூடவே ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு டம்ளர் பால். ஐந்தரைக்கு அம்மா நாற்காலியிலிருந்து எழ முடியாமல் உட்கார்ந்திருப்பார். கால் தரையோடு ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கிறது என்பார். மாத்திரை போதவில்லை என்றுதான் நாங்களும் நினைத்தோம்.

சங்கதி இதுதான். புரதம் செரித்து வரும் சில அமினோ அமிலங்களும் லெவோடோபாவும் சிறுகுடலிலிருந்து ரத்தத்துக்குள் ஒரே வழியாகத்தான் போகின்றன. ரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழையவும் அதே போட்டி. ஒரே பஸ்ஸுக்கு இரண்டு கூட்டம். சுண்டல் முண்டியடித்து ஏறிவிட்டால் மாத்திரை கீழேயே நின்றுவிடும். போதாக்குறைக்கு இந்த நோயில் இரைப்பையும் மந்தமாகிவிடும். எண்ணெய்ப் பலகாரம் தின்றால் இன்னும் மந்தம். மாத்திரை சிறுகுடலுக்குப் போய்ச் சேரவே நேரமாகும்.

அதனால் மாத்திரையை வெறும் தண்ணீரில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே கொடுங்கள். சாப்பிட்டுவிட்டார் என்றால் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் கழித்து. குமட்டினால் கொஞ்சம் பொரியோ இரண்டு பிஸ்கட்டோ போதும். விழுங்கச் சிரமமென்றால் மசித்த வாழைப்பழத்தில் வைத்துக் கொடுக்கலாம், தயிரில் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறாரா? அதுவும் லெவோடோபாவைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி வேண்டும்.

பருப்பையும் பாலையும் அடியோடு நிறுத்தச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த வயதில், இந்த நோயில், உடம்பு தானாகவே இளைக்கும். புரதத்தையும் பிடுங்கினால் தசை கரைந்து கீழே விழுவார். மாத்திரையின் வேலை நேரத்துக்கு நேரம் ஏறி இறங்குகிறவர்களுக்கு, பகலில் புரதத்தைக் குறைத்து இரவுச் சாப்பாட்டில் சேர்க்கும் முறை ஒன்று உண்டு. 1980களிலிருந்தே டாக்டர்கள் சொல்லி வருவது. அதையும் டாக்டரைக் கேட்டுச் செய்யுங்கள்.

பூனைக்காலி விஷயத்தில் உங்கள் சொந்தக்காரர் சொல்வது முழுப் பொய் இல்லை. அந்த விதையில் இருப்பதே லெவோடோபாதான். அதைப் பிரித்தெடுத்து 1937இல் ஆய்விதழில் எழுதியவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இருவர். 2004இல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் கொடுத்துப் பார்த்தபோது, வழக்கமான மாத்திரையைவிடச் சீக்கிரம் வேலை செய்தது. எட்டே பேர், அதுவும் அளந்து தயாரித்த பொடி. கடையில் வாங்கும் பொட்டலத்தில் எவ்வளவு லெவோடோபா இருக்கிறது என்று யார் அளந்தார்கள்? மாத்திரையில் கார்பிடோபாவும் சேர்ந்திருக்கும். மருந்து மூளைக்குப் போகும் முன்பே உடம்பில் வீணாகாமலும் குமட்டல் வராமலும் அது பார்த்துக்கொள்ளும். பொடியில் அது கிடையாது. மாத்திரையோடு சேர்த்துக் கொடுத்தால் அளவு எகிறி, கைகால் தன்னிச்சையாக நெளியலாம். பொடியை நம்பி மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது அதைவிட மோசம். கடுங்காய்ச்சலும் விறைப்புமாக ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டி வரும்.

ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு தாளில் மாத்திரை போட்ட நேரம், சாப்பிட்ட நேரம், என்ன சாப்பிட்டார், எப்போது நடந்தார், எப்போது அசைய முடியாமல் உறைந்தார் என்று எழுதி வையுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதையும் குறியுங்கள், அப்பா சொல்லமாட்டார். அடுத்த முறை நரம்பியல் டாக்டரிடம் அந்தத் தாளை நீட்டுங்கள். ‘மாத்திரை வேலை செய்யவில்லை’ என்று மட்டும் சொன்னால் அவர் அளவைக் கூட்டி எழுதிவிடக்கூடும்.