குளியலறையில் கேஸ் கீசர், புகை போக வழியில்லை: வாடகையை நிறுத்தலாமா?

கோவை சரவணம்பட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வாடகை 14,000 ரூபாய், 11 மாத ஒப்பந்தம். வீட்டுக்காரர் ஏற்கெனவே மாட்டி வைத்திருந்த கேஸ் கீசர் குளியலறைக்குள்ளேயே இருக்கிறது, அதன் புகை வெளியேறக் குழாய் கிடையாது, இருந்த ஒரே வென்டிலேட்டரையும் கொசு வருகிறதென்று பிளைவுட் வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். போன வாரம் குளித்துக்கொண்டிருந்த அவருடைய மனைவிக்குத் தலை சுற்றி, வெளியே வந்து உட்கார்ந்த பிறகுதான் தெளிந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னதற்கு, "அஞ்சு வருஷமா ஓடுது, யாருக்கும் ஒண்ணும் ஆகல, கேஸ் வாடையும் இல்லையே. அதோட கீசர் ரிப்பேர் உங்க பொறுப்புன்னு அக்ரிமென்ட்லயே இருக்கு" என்று பதில். வாடகையை நிறுத்தி வைக்கலாமா, காலி செய்தால் அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா என்பது கேள்வி.

சட்டம் அப்புறம். முதலில் அந்தக் கீசரின் கேஸ் வால்வை மூடுங்கள், இது சரியாகும் வரை அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளியுங்கள். வாடை இல்லை என்பது ஒரு சமாதானமே கிடையாது. சிலிண்டர் கேஸ் கசிந்தால் தெரிவதற்காக அதில் வாடை சேர்க்கிறார்கள். ஆனால் காற்றுப் போதாமல் கேஸ் அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. குளியலறைக்குள் தலை சுற்றுகிறது, வெளியே வந்தால் தெளிகிறது என்றால் அதைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மறுபடி அப்படி ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போய், கேஸ் கீசர் விஷயத்தைச் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சில மணி நேரம் போனால் அளவு இறங்கிவிடும், உடம்புக்கும் ஆபத்து, வழக்குக்கும் சான்று இருக்காது.

இப்போது வீட்டுக்காரரின் வாதத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. எந்த மராமத்து யார் தலையில் என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்து வைத்திருக்கிறது. அதில் கீசர் ரிப்பேர் வாடகைதாரர் பக்கம்தான் இருக்கிறது, அந்த அளவுக்கு அவர் சொல்வது சரி. ஆனால் உங்கள் வீட்டில் எதுவும் ரிப்பேர் ஆகவில்லையே! கீசர் நன்றாகவே ஓடுகிறது, அதை மாட்டிய இடமும் விதமும்தான் தப்பு, அதுவும் நீங்கள் குடிவருவதற்கு முன்பே. கட்டட அமைப்பு சார்ந்த வேலையும் குழாய் மாற்றும் வேலையும் அதே அட்டவணையில் வீட்டுக்காரர் பக்கம் இருக்கின்றன. சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆவது பிரிவும், கண்ணுக்குத் தெரியாத முக்கியமான குறை இருப்பது வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தால் அவர் அதை வாடகைதாரரிடம் சொல்லியாக வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் எழுதும் எந்தக் கடிதத்திலும், வாட்ஸ்அப்பிலும்கூட, 'கீசர் ரிப்பேர்' என்ற சொல்லே வரக்கூடாது. நீங்களே அப்படி எழுதிவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்.

இன்னொன்று, உங்கள் ஒப்பந்தம் வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்கிறதா? 11 மாதம் போட்டால் பதிவு வேண்டாம் என்பது பழைய கணக்கு. 2017 வாடகைச் சட்டப்படி எத்தனை மாதமானாலும் பதிவு வேண்டும், பதிவில்லாத ஒப்பந்தத்தைச் சான்றாகக் காட்டுவது சிக்கல். அந்தச் சிக்கல் உங்களுக்கும் உண்டு என்றாலும், அவர் ஆட்டிக் காட்டுகிற அந்த ஷரத்தும் அதே காகிதத்தில்தானே இருக்கிறது.

வாடகையை மொத்தமாக நிறுத்தாதீர்கள். இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் வந்தும் கட்டாவிட்டால் அதுவே உங்களைக் காலி செய்யக் காரணமாகிவிடும். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் இப்படிச் சிக்கிக்கொண்டவர்கள் நிறைய. வாடகைச் சட்டத்தின் 15-ஆவது பிரிவு வேறு வழி தருகிறது. வீட்டுக்காரர் தன் பொறுப்பிலுள்ள வேலையைச் செய்ய மறுத்தால் நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழிக்கலாம், ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. உங்களுக்கு அது 7,000, மீதி அடுத்த மாதம். சுவரில் துளை போடும் வேலை என்பதால் எழுத்தில் சம்மதம் வாங்காமல் கை வைக்க வேண்டாம்.

வீடு குடியிருக்கவே லாயக்கில்லை, எழுதிக் கேட்டும் அவர் செய்யவில்லை என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்துக் காலி செய்யவும் அதே பிரிவு இடம் தருகிறது, அட்வான்ஸை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். ஆனால் வால்வை மூடினால் ஆபத்து நின்றுவிடுகிறதே, பிறகு எப்படி லாயக்கில்லாத வீடு என்று அவர் கேட்பார். அதில் கொஞ்சம் நியாயம் இருப்பதால் எடுத்த எடுப்பில் இந்த வழியில் இறங்க மாட்டேன்.

சரி, கடிதம். கீசர் கம்பெனி சர்வீஸ் ஆளை வரவழைத்து, 'புகைக்குழாய் இல்லை, காற்றோட்டம் இல்லை' என்று சர்வீஸ் சீட்டில் எழுதி வாங்குங்கள். ஆணி அடித்த பிளைவுட்டைத் தேதி தெரியப் படம் எடுங்கள். பிறகு இப்படி எழுதுங்கள்: "தாங்கள் குளியலறைக்குள் பொருத்தியுள்ள கேஸ் கீசரின் புகை வெளியேற வழி இல்லை. இதனால் என் மனைவிக்குத் தலைசுற்றல் ஏற்பட்டது. கீசரைத் திறந்தவெளிக்கு மாற்றித் தரவும், அல்லது மின்சார கீசர் பொருத்தித் தரவும். ஏழு நாளில் பதில் வேண்டும்." எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று மாட்டித் தருகிறேன் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். உள்ளே காற்று வர வழியில்லாத அறையில் அந்த ஃபேனை நம்பி யாரும் குளிக்க முடியாது. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பதிலுக்கு அவர் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் உடனே வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், இடைக்கால உத்தரவே போட அவருக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் செலவு கையைக் கடித்தால் மனைவி பெயரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.