கீழடிப் படத்தில் தேதி இடிக்குதா?

வணக்கம்ங்க. உங்க அப்பா கீழடி அகழாய்வுல கிடைச்ச பானைச் சில்லைக் குனிஞ்சு பார்க்கிற படத்துல 2020 ஜனவரின்னு இருக்கு, ஆனா கீழடி அருங்காட்சியகம் திறந்ததே 2023 மார்ச் 5-லதானே, அப்போ தேதி தப்பான்னு கேட்டிருந்தீங்க.

தேதி சரிதான், இடம்தான் வேற. 2019 நவம்பர் 1 முதல் மதுரை உலகத் தமிழ்ச் சங்கக் கட்டடத்துல கீழடிப் பொருள்களோட தற்காலிகக் கண்காட்சி நடந்துச்சு. அப்பா போனது அங்கேயாத்தான் இருக்கும். பின்னணியைப் பாருங்க. செட்டிநாட்டு பாணித் தூணும் முற்றமும் இருந்தா மட்டும்தான் கீழடி அருங்காட்சியகக் கட்டடம்.

சில்லுப் பக்கத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. கீழடிச் சில்லுகள் சிலதுல 'ஆதன்', 'குவிரன்'னு தமிழி எழுத்துல (தமிழோட பழைய எழுத்து வடிவம்) பேர் இருக்கும். சுட்ட பானைமேல கூர்மையா எதையோ வெச்சுக் கீறினது, அதனால கோடு கொஞ்சம் கோணலாத்தான் போகும். நான் முதல்ல வெறும் விரிசல்னு நினைச்சுட்டேன்!

ஆல்பத்துல 'கீழடித் தொல்பொருள் கண்காட்சி, உலகத் தமிழ்ச் சங்கம், மதுரை'ன்னு எழுதிடுங்க. 'அருங்காட்சியகம்'னு மட்டும் போட்டுடாதீங்க, பின்னாடி பேரப்பிள்ளைங்களும் இதே கேள்வியோட வந்து நிப்பாங்க.