ஆறு வாரம் வரை வித்தியாசம் இல்லை: டாக்டரம்மா பதில்கள்

மன்னார்குடி வாசகி: மூன்றாவதும் பெண். மாமியார் என்னைக் கரித்துக் கொட்டுகிறார், டாக்டரம்மா.

ஆணா பெண்ணா என்பதில் பங்குள்ள குரோமோசோம்கள் எக்ஸ், ஒய் என்று இரண்டு வகை. கருமுட்டையில் எக்ஸ் மட்டும்தான் உண்டு. எக்ஸா, ஒய்யா என்பது விந்தணு கொண்டுவருவது. கேட்பதானால் தன் மகனைக் கேட்கட்டும். அவர் கையிலும் அது இல்லை, பாவம்.

திருவையாறு, பிளஸ் டூ மாணவி: ஒய் இருந்தாலே ஆண்தானா?

இல்லையம்மா. ஏறக்குறைய ஆறாவது வாரம் வரை எல்லாக் கருவிலும் இனச்சுரப்பி (பின்னால் விதையாகவோ சூலகமாகவோ ஆவது) ஒரே மாதிரி. வுல்ஃப் குழாய், முல்லர் குழாய் இரண்டும் இருக்கும். ஒய்யில் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு (1990இல் கண்டறிந்தார்கள்) வேலை செய்தால் சுரப்பி விதையாகிறது. விதை சுரக்கும் ஒரு ஹார்மோன், கருப்பையாக வேண்டிய முல்லர் குழாயை அழிக்கிறது. இன்னொன்று டெஸ்டோஸ்டிரோன், வுல்ஃப் குழாயை விந்துநாளமாக்குவது அதுதான். 1940களில் பிரான்ஸின் ஆல்ஃப்ரெட் ஜோஸ்ட், தாய் வயிற்றிலிருந்த முயல் கருக்களின் இனச்சுரப்பியை அகற்றினார். ஆண் கருக்களும் பெண் உருவிலேயே வளர்ந்தன. இதை வைத்துப் பெண்ணுடல் சும்மா தானாக உருவாகிறது என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல்தான் வரும். சூலகம் உருவாகவும் தனி மரபணுக்கள் உழைக்க வேண்டும்.

பேராவூரணி தாய்: மகளுக்குப் பதினேழு வயது, பூப்படையவில்லை. கருப்பை இல்லை, ஒய் இருக்கிறது, ஆண்ட்ரோஜன் (ஆண் ஹார்மோன்) ஏற்பின்மை என்கிறார்கள். அப்படியானால் ஆணா?

உங்கள் மகள்தான். வயிற்றுக்குள் விதை இருக்கிறது, டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கிறது. உடலின் செல்கள் அதை ஏற்கவில்லை. முல்லர் குழாயை அழிக்கும் ஹார்மோன் மட்டும் வேலை செய்துவிட்டது, அதனால்தான் கருப்பை இல்லை. டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் மார்பு வளர்ந்திருக்கும். ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளிடம் மறைக்காதீர்கள்.

நாகப்பட்டினம் தந்தை: பிறந்து நான்கு நாள். உறுப்பு ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. உடனே ஆபரேஷன் செய்யச் சொல்கிறார்கள் உறவினர்கள்.

ஆபரேஷன் பேச்சை விடுங்கள். இன்றே தஞ்சாவூருக்குக் கொண்டுபோய் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், 17 ஓஎச்பி என்ற ஹார்மோன் அளவு பார்க்கச் சொல்லுங்கள். அட்ரினல் சுரப்பிக் குறையாக இருந்தால், முதல் சில வாரங்களில் உடலில் உப்பு இறங்கி உயிரே போகலாம், மருந்து உண்டு. சொந்தத்தில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம், தாய்மாமன் கல்யாணமாக இருந்தால் அதையும் சொல்லுங்கள். உயிருக்கு ஆபத்தில்லாதபோது பச்சைக் குழந்தைக்கு அப்படி அறுவை செய்யக் கூடாது என்று 2019இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைத் தீர்ப்பை ஒட்டித் தமிழக அரசு தடை விதித்திருக்கிறது.

மயிலாடுதுறை: எட்டு மாத மகனுக்கு ஒரு விதை இறங்கவில்லை. காத்திருக்கலாமா?

வேண்டாம். ஆறு மாதம் தாண்டினால் தானாக இறங்குவது அபூர்வம். ஒன்றரை வயதுக்குள் இறக்கிவைத்துவிட வேண்டும்.