காட் வந்தால் டொக்டர் வருவாரா? காப்புறுதி பற்றி மலையக வாசகர் கேள்விகள்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சுகாதாரக் காப்புறுதி பற்றியவை. ஆனால் ஒருவர்கூடப் பெரிய ஒப்பரேஷன் பற்றிக் கேட்கவில்லை. காய்ச்சல், சீனி, பிரஷர் என்றால் முதலில் போய் நிற்கிற இடம் என்ன ஆகும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். காப்புறுதி விற்பவர்கள் அதிகம் பேசாத இடம் அது. ஆகவே இம்முறை முழுப் பக்கமும் அதற்கே.

எனக்கு அரசாங்க ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி, கணவருக்குக் கம்பனிக் காப்புறுதி. இரண்டு இருந்தும் டவுனில் பிள்ளைக்கு மருந்தெடுக்கப் போனால் கைக்காசுதான். டொக்டர்மார் ஏன் காப்புறுதிக் காட்டை எடுப்பதில்லை?
*ஆசிரியை, ஹட்டன்*

டொக்டர்மேல் கோபப்படாதீர்கள் டீச்சர். நம் நாட்டுக் காப்புறுதித் திட்டங்கள் பெரும்பாலும் வார்டில் படுத்தவருக்கென்று செய்யப்பட்டவை. வெளிநோயாளர் செலவுக்கும் இடம் இருந்தால், வருடத்துக்கு ஒரு சிறு தொகை வைத்திருப்பார்கள். அதையும் நீங்கள் முதலில் கட்டி, பில் கொடுத்து, பிறகுதான் வாங்க வேண்டும்.

இனி மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து பாருங்கள். டவுன் டிஸ்பென்சரியில் மாலையில் உட்காருகிறவர் அநேகமாகக் காலையில் அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை செய்தவர். 1977இலிருந்து வேலை நேரத்துக்குப் பிறகு தனியாகப் பார்க்க அனுமதி உண்டு. மருந்தையும் அவரே கொடுக்கிறார். சின்னக் கடதாசி உறையில் காலை, பகல், இரவு என்று கோடு போட்டுக் குளிசை, கூடவே ஒரு போத்தல் பாணி. பார்த்ததற்கும் மருந்துக்கும் சேர்த்து ஒரே தொகை. காப்புறுதிக் கம்பனியோ நோயின் பெயர், ஒவ்வொரு மருந்தின் பெயர், தனித்தனி விலை, பதிவிலக்கத்துடன் முத்திரை என்று கேட்கிறது. வெளியே வாங்கில் முப்பது பேர் இருமிக்கொண்டிருக்கும்போது இதை யார் எழுதுவது? காட்டை நேராக எடுப்பதென்றால் கம்பனியுடன் ஒப்பந்தம், கணினி, அதற்கொரு கிளார்க், பணம் வரும் வரை காத்திருப்பு எல்லாம் வேண்டும். பெரிய தனியார் ஆஸ்பத்திரிக்கு அதற்கென்றே கவுன்டர் இருக்கிறது. ஒற்றை ஆள் டிஸ்பென்சரிக்குக் கட்டாது.

இதன் விளைவைக் கவனியுங்கள். காட் உள்ளவர் மெல்லக் கண்டிக்குப் போகப் பழகிவிடுகிறார். உங்கள் பிள்ளையைப் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த டொக்டரிடம் காட் இல்லாதவர்கள் மட்டும் மிஞ்சுகிறார்கள். உங்களுக்குச் செய்யக்கூடியது ஒன்று உண்டு: மருந்தெடுத்த அன்றைக்கே முத்திரையுடன் பில் கேளுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய்க் கேட்டால் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மகள் அமெரிக்காவில் ஒஹையோவில் ஒரு குடும்ப வைத்திய நிலையத்தில் வேலை செய்கிறாள். ஏழைகளுக்கெல்லாம் காப்புறுதி கொடுத்த பிறகு கூட்டம் கட்டுக்கடங்கவில்லை என்று அங்குள்ள பழைய ஆட்கள் சொல்கிறார்களாம். இலவசமாகக் கொடுத்தால் எங்கும் இப்படித்தானா?
*ஓய்வுபெற்ற அதிபர், நுவரெலியா*

கூட்டம் கூடும் என்பது சரி. ஆனால் பாதிக் கதைதான்.

2010இல் வந்த சட்டத்தின்படி, வறியவர்களுக்கான மெடிகெய்ட் காப்புறுதியை 2014இலிருந்து பல மாநிலங்கள் விரிவாக்கின. ஒஹையோவும் அவற்றில் ஒன்று. அதற்கு முன்பே 2008இல் ஒரெகன் மாநிலம் ஒரு காரியம் செய்தது. இருக்கிற பணத்துக்கு எல்லோரையும் சேர்க்க முடியாததால் சீட்டுக் குலுக்கி ஆட்களை எடுத்தார்கள். ஆய்வாளர்களுக்கு அது கும்பிடப்போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி. சீட்டு விழுந்தவரையும் விழாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட் கிடைத்தவர்கள் டொக்டரிடம் அதிகம் போனார்கள், மருந்து அதிகம் எடுத்தார்கள், மனச்சோர்வு குறைந்தது, வைத்தியக் கடனும் குறைந்தது. முதல் இரண்டு வருடத்தில் இரத்த அழுத்தத்தில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. காட் இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போவது குறையும் என்று பலர் எதிர்பார்த்திருந்தார்கள். அது சுமார் 40 வீதம் கூடியது! காட் கையில் இருக்கிறது, குடும்ப டொக்டரிடம் அடுத்த வாரம்தான் நேரம் கிடைக்கும், காய்ச்சல் இன்றைக்கு அடிக்கிறது. வேறெங்கே போவது?

மகள் வேலை செய்கிற மாதிரியான நிலையங்களுக்கு இன்னொரு தலையிடி உண்டு. முதியவர்களுக்கான மெடிகேயார் ஒரு நோயாளிக்குக் கொடுப்பதைவிட மெடிகெய்ட் கொடுப்பது நன்றாகக் குறைவு. அதனால் பல டொக்டர்மார் மெடிகெய்ட் ஆட்களை எடுக்கத் தயங்குவார்கள். 2013, 2014 இரண்டு வருடமும் மத்திய அரசு ஆரம்ப வைத்தியத்துக்கான தொகையை மெடிகேயார் அளவுக்கு உயர்த்தியது. 10 மாநிலங்களில் ஆய்வாளர்கள் நோயாளிபோல் போன் பண்ணி நேரம் கேட்டுப் பார்த்தார்கள். மெடிகெய்ட் என்று சொன்னவர்களுக்கு நேரம் கிடைத்தது ஏறத்தாழ 59 வீதத்திலிருந்து 66 வீதமாகக் கூடியது. அதாவது டொக்டருக்குக் கிடைப்பது கூடினால் கதவும் கொஞ்சம் திறக்கிறது. ஏழைகளையே பார்த்துவந்த சமூக சுகாதார நிலையங்களுக்கு மெடிகெய்ட் விரிந்தது பெரிய உதவி. முன்பு காசில்லாமல் வந்துபோன அதே ஆட்கள் இப்போது காட்டுடன் வந்தார்கள். கூட்டத்தில் பலர் பழையவர்கள்தான், ஆனால் இப்போது வருமானம் உண்டு.

ஒன்றை மறக்காதீர்கள் சேர், அங்கே காட் இல்லாவிட்டால் பல கதவுகள் திறக்காது. இங்கே கதவு ஏற்கெனவே திறந்துதான் இருக்கிறது, உள்ளே ஆள் போதாது. ஒஹையோக் கதையை அப்படியே தூக்கி நுவரெலியாவில் வைக்க முடியாது.

பிரதேச வைத்தியசாலையில் பெயர் பதிந்து ஒரு இலக்கம் கொடுத்தார்கள். இதுவும் காப்புறுதியா?
*ஹப்புத்தளை*

இல்லை. அது உங்கள் நோய்க் குறிப்பைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கான இலக்கம். பணம் கட்டவும் வேண்டாம், வாங்கவும் முடியாது. 35 வயது தாண்டியிருந்தால் அங்கேயே சீனி, பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள், அதுவும் இலவசம். கிளினிக் கொப்பியை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

1990 அம்புலன்ஸுக்குக் காப்புறுதி வேண்டுமா?
*வெலிமடை*

வேண்டாம். சுவசெரிய இலவசம். போன் பண்ணும்போது தோட்டத்தின் பெயருடன் டிவிஷனையும் சொல்லுங்கள். ஒரே தோட்டத்தில் மேல் டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் பாதையே வேறாக இருக்கும்.

எங்கள் தோட்டத்தில் எல்லோருக்கும் இன்சூரன்ஸ் போடப் போவதாகப் பேச்சு. அது வந்தால் டிஸ்பென்சரியை மூடிவிடுவார்கள் என்றும் சொல்கிறார்கள். உண்மையா டொக்டர்?
*கொழுந்து எடுக்கும் தாய், மஸ்கெலியா*

மூடச் சொல்லி எந்தக் காப்புறுதியும் கேட்காது அம்மா. ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது.

தோட்ட டிஸ்பென்சரி சட்டத்தால் வந்தது. கோப்பிக் காலத்திலேயே, 1872இல், தோட்டத்து ஆட்களின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் போட்டார்கள். பிறகு 1912இல் இன்னொன்று வந்தது. துரைமாருக்கு இரக்கம் பொங்கியதால் வந்ததென்று நினைக்க வேண்டாம். ஆள் படுத்தால் மலையில் கொழுந்து முற்றிவிடும். எப்படியோ, நோயாளியைக் கவனிப்பது நிர்வாகத்தின் தலையில் விழுந்தது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் 22 கம்பனிகளிடம் போனது. சில தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. மற்ற இடங்களில், பழைய தோட்ட வைத்திய உதவியாளர் ஓய்வு பெற்றுப் போனால் புது ஆள் வராமல் கதிரை காலியாகவே கிடக்கிறது. உங்கள் தோட்டத்தில் ஒருவர் இருக்கிறார் என்றால் அதுவே பெரிய காரியம்.

இப்போது காட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் யாருக்குப் போகும்? வார்டில் படுக்கவைத்த ஆஸ்பத்திரிக்கு, அல்லது பதிவுபெற்ற டொக்டரின் பில்லுக்கு. டிஸ்பென்சரிக்கு ஒரு சதம் வராது. அப்புறம் கம்பனியின் கணக்குப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செலவு இருக்கும்: ஒன்று காப்புறுதிக் கட்டணம், மற்றது டிஸ்பென்சரி. "இரண்டும் எதற்கு?" என்று ஒருநாள் யாராவது கேட்பார். அந்தக் கேள்வி வருவதற்கு முன்பே நீங்கள் பதில் சொல்லி வைக்க வேண்டும்.

பதில் உங்களுக்கே தெரியும். மலையில் குளவி கலைந்து கொட்டினால் என்ன நடக்கும்? படங்கைத் தலையில் போட்டு மூடிக்கொண்டு ஓடுகிறார்கள், விழுந்தவரை நாலு பேர் தூக்கி ரோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், லொறி வரும் வரை பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். முகம் வீங்கி மூச்சு இழுக்கிறவருக்கு அந்த முதல் சில நிமிடத்தில் அட்ரினலின் ஊசி போட ஆள் இருந்தால் பிழைப்பார். கிளங்கன் ஆஸ்பத்திரி இன்றைக்கு 150 கட்டிலுடன் நல்ல கட்டடம்தான், 2017இல் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்தது. ஆனால் மேல் டிவிஷனிலிருந்து அங்கே போய்ச் சேர வேண்டுமே. காட் அந்த வழியில் எதுவும் செய்யாது.

இந்தியாவிலும் இதே சிக்கல் வந்தது. 2018இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் காப்புறுதி ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 இலட்சம் இந்திய ரூபாய் வரை தருகிறது, ஆனால் வார்டில் சேர்ந்தால் மட்டும். வெளிநோயாளருக்கு அதில் இடமில்லை. ஆகவே கிராமத்துச் சுகாதார நிலையங்களைத் தரமுயர்த்த வேறாக ஒரு திட்டம் போட வேண்டியிருந்தது. காப்புறுதி கொடுத்துவிட்டோம், நிலையம் எதற்கு என்று அவர்கள் இருந்துவிடவில்லை.

குடும்ப வைத்தியத்தில் மேற்படிப்பு முடித்திருக்கிறேன். ஊரில் சொந்தமாகத் தொடங்க விருப்பம். காப்புறுதி பரவினால் ஆளுக்கு இவ்வளவு என்று தருவார்களா, வருகைக்கு இவ்வளவா? எது நல்லது?
*இளம் வைத்தியர், பண்டாரவளை*

வருகைக்கு இவ்வளவு என்றால் நோயாளியைத் திரும்பத் திரும்ப வரவைக்க ஆசை வரும். ஆளுக்கு இவ்வளவு என்றால் வராமல் இருக்க வைக்க, அல்லது வந்தவரைத் துண்டு எழுதிப் பெரியாஸ்பத்திரிக்குத் தள்ளிவிட ஆசை வரும். சம்பளம் என்றால் நாலு மணிக்குக் கதவைப் பூட்ட ஆசை வரும். நான் மூன்றாவது வகை, எனக்குத் தெரியும்.

தாய்லாந்தைப் படியுங்கள் தம்பி. 2001இல் தொடங்கி 2002இல் நாடு முழுவதும் 30 பாட் திட்டம் வந்தது, வருகைக்கு 30 பாட் மட்டும் கட்டும் பொதுக் காப்புறுதி. ஒவ்வொருவரும் தன் மாவட்டத்து நிலையத்தில் பதிவு, அந்த நிலையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம். அது ஓரளவு ஓடியதற்குக் காரணம் பணம் கொடுத்த முறை மட்டுமில்லை. அதற்கு வெகு காலம் முன்பே, 1970களிலிருந்து, புதிதாகப் பட்டம் பெற்ற டொக்டர்மாரைக் கிராமத்துக்கு அனுப்பினார்கள். 1980களில் நகரத்துக்குப் போகவிருந்த பணத்தை மாவட்ட ஆஸ்பத்திரிகளுக்குத் திருப்பினார்கள். ஆளும் கட்டடமும் இருந்த இடத்தில் காப்புறுதி வந்து சேர்ந்தது.

நம் பக்கத்தில் தலைக்கு இவ்வளவு என்று வந்தால் ஒன்றைக் கவனமாகப் பாருங்கள். டவுனில் ஆயிரம் பேர் என்பது நடக்கிற தூரம். தோட்டத்தில் ஆயிரம் பேர் என்பது மூன்று மலை. இரண்டுக்கும் ஒரே தொகை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒபிடியில் சும்மா வருகிற கூட்டத்தைக் குறைக்க ஆளுக்கு ஐம்பது ரூபாய் வாங்கினால் என்ன? காப்புறுதி உள்ளவர் அதை மீளப் பெற்றுக்கொள்ளலாமே?
*பதுளை*

செய்து பார்த்த காரியம்தான். 1971இல் அரசாங்க ஒபிடியில் 25 சதம் வாங்கத் தொடங்கி, 1977இல் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 1974 முதல் 1982 வரை ராண்ட் ஆய்வு நிறுவனம் இதையே பெரிய அளவில் சோதித்தது. நோயாளியிடம் காசு வாங்கினால் வருகை குறைகிறது. ஆனால் தேவையில்லாத வருகை மட்டும் குறையவில்லை, தேவையானதும் சேர்ந்தே குறைந்தது. பிரஷர் உள்ள ஏழைகளுக்கு இலவசமாகப் பார்த்ததில்தான் கட்டுப்பாடு நன்றாக இருந்தது.

அதோடு, சும்மா வருகிறார்கள் என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தோட்டத்திலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர் பஸ் காசு கொடுத்து, அன்றைய பேரையும், அதாவது நாள் சம்பளத்தையும், இழந்துதான் வருகிறார். பகலுக்குள் திரும்பினால் அரைப் பேராவது கிடைக்குமா என்று டிக்கெட் வரிசையில் நின்று மணி பார்க்கிறவரிடம் இன்னும் ஐம்பது ரூபாய் கேட்பீர்களா?

தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவராக இருக்கிறேன். குழுக் காப்புறுதி பற்றி நிர்வாகத்துடன் பேசப் போகிறோம். என்ன கேட்க வேண்டும்?
*லிந்துலை*

தலைவரே, எத்தனை இலட்சம் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில், வார்டில் படுக்காமல் மருந்தெடுத்தால் காசு உண்டா, சீனிக்கும் பிரஷருக்கும் மாதாமாதம் வாங்கும் மருந்துக்கு உண்டா என்று கேளுங்கள். ஏற்கெனவே உள்ள நோயை விலக்குகிற வரி இருக்கிறதா என்று யாரையாவது தமிழில் வாசிக்கச் சொல்லுங்கள். அரசாங்க வார்டில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று கையில் தரும் திட்டங்கள் உண்டு. நம் ஆட்களுக்கு அதுதான் அதிகம் உதவும், இழந்த பேருக்கு ஈடாகும். கைக்காசுக்கு நாட்கூலி வேலை செய்கிற ஆட்களும் ஓய்வு பெற்றவர்களும் சேர்வார்களா என்பதையும் கேளுங்கள். அவர்களுக்குத்தான் நோய் கூட.

டிஸ்பென்சரி, அதற்கொரு ஆள், குளவிக்கான ஊசி இந்த மூன்றும் காப்புறுதிக்கு மேலதிகமாகத் தொடரும் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதி வாங்குங்கள். வாய்ப்பேச்சாக விட்டால் அடுத்த மெனேஜர் வரும்வரைதான் அது நிற்கும்.