டிஸ்லெக்ஸியா (எழுத்தைப் படிப்பதிலும் எழுதுவதிலும் வரும் சிரமம்) இருக்குமோ என்று சந்தேகம். முப்பது வயதைத் தாண்டி, வேலை பார்த்துக்கொண்டே படிக்க முடியுமா? அலுவலகத்தில் சொல்லலாமா?

தாராளமாகப் படிக்கலாம். அலுவலகத்திலும் சொல்லலாம். ஆனால் "எனக்கு டிஸ்லெக்ஸியா" என்று மட்டும் சொன்னால் மேலாளருக்கு என்ன செய்வதென்று தெரியாது. உங்களுக்கு என்ன மாற்றம் வேண்டும் என்பதையும் சேர்த்தே கேளுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலையில் டேலி (கணக்கு மென்பொருள்), ஜிஎஸ்டி சொல்லித் தருகிறேன். வகுப்பில் ஓர் அண்ணன் இருந்தார். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஸ்டோர் பொறுப்பு. எந்த பேரிங் எந்த ரேக்கில் இருக்கிறது, எத்தனை மிச்சம் என்று பார்க்காமலே சொல்வார். பில்லைப் பார்த்து ஜிஎஸ்டி எண்ணை அடித்தால் மட்டும் நடுவில் இரண்டு எழுத்து இடம் மாறிவிடும். எழுத்தும் எண்ணும் கலந்து, இடைவெளியே இல்லாமல் 15 இடம். "கவனமே இல்லை" என்று கடையில் தினமும் திட்டு. அவரோ ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறவர். அந்தத் திட்டை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது.

எண்ணை உடைத்துப் படித்தோம். முதல் 2 மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த 10 பான் எண். அதுவும் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து என்று பிரியும். மிச்சம் 3. ஒவ்வொரு துண்டையும் வாய்விட்டுச் சொல்லி அடித்தார். பில்லில் வரிக்கு அடியில் ஒரு ஸ்கேல். நீளமான பாடங்களைப் போனே வாசித்துக் காட்டியது. முதலாளியிடம் கேட்டது ஒன்றுதான்: வாட்ஸ்அப்பில் பத்தி பத்தியாக எழுதாமல் வாய்ஸ் மெசேஜாக அனுப்புங்கள். காசு செலவில்லாத விஷயம், ஒத்துக்கொண்டார்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 சொல்லும் 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா சேரும் கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் உண்டு. (ஏடிஎச்டிக்கு, அதாவது கவனம் நிலைக்காத, அளவுக்கு மீறித் துறுதுறுக்கும் குறைபாட்டுக்கு, தனி இடம் தரவில்லை. தந்திருக்க வேண்டும்.) சமவாய்ப்புக் கொள்கை (மாற்றுத்திறனாளிகளுக்கு என்ன வசதி செய்து தரும் என்று நிறுவனம் எழுதி வைப்பது) தனியார் நிறுவனத்துக்கும் கட்டாயம், உங்கள் எச்.ஆரிடம் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

படிப்பில் சேருமுன் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அரசு மருத்துவக் குழுவின் சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், எழுத்துத் தேர்வில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்றது 2018 மத்திய அரசு வழிகாட்டுதல். பிறகு விதி மாறியிருக்கிறது, இப்போதைய நிலையைத் தேர்வு நடத்துவோரிடம் கேளுங்கள். தேர்வு விண்ணப்பம் போடும்போதே கூடுதல் நேரத்துக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். ஹாலில் போய்க் கேட்டால் கண்காணிப்பாளரால் எதுவும் செய்ய முடியாது.